உன் துப்பாக்கிக்கு மட்டும் பொருந்தும் தோட்டா

அன்புள்ள வெண்டலுக்கு,

நான் நலம். நாயும் நலம். கூரை இன்னும் ஒழுகுகிறது. மருந்துக்கடையில் என் வேலை நேரத்தை மறுபடியும் குறைத்துவிட்டார்கள். சுரங்கத்தை மூடியவர்கள் உன்னை வடக்கே எண்ணெய்க் கிணற்றுக்குத் துரத்தினார்கள். இங்கே மிச்சமிருப்பவர்களுக்கு வலி மாத்திரை எண்ணிப் போடுவது என் பிழைப்பு.

உன் கடிதம் கிடைத்தது. தாத்தாவின் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி தேய்ந்துவிட்டதாம். பழங்காலத் துப்பாக்கிப் போட்டியில் நான் முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டால் அதை உன் அண்ணன் க்ளோவிஸுக்கே கொடுத்துவிட வேண்டுமாம். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

துப்பாக்கியில் குறை இல்லை. கடைத் தோட்டாதான் அதற்கு ஒத்துவரவில்லை. அதனால் நானே அடுப்படியில் தோட்டா செய்தேன். குழலின் தொண்டை தேய்ந்திருந்ததால் குண்டைச் சற்று வெளியே நீட்டிப் பொருத்தினேன். வெடிமருந்தை மிதமாக, ஒவ்வொன்றுக்கும் தராசில் நிறுத்துப் போட்டேன். ஏற்கெனவே சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு அந்தத் துப்பாக்கியின் வயிற்றுக்கு ஏற்றபடி உப்பியிருக்கும் அல்லவா, அதை அப்படியே விட்டு வாயை மட்டும் இறுக்கினேன். செவ்வாய்க்கிழமை சுட்டுப் பார்த்தபோது ஐந்து குண்டும் ஒரு பிஸ்கட் அளவுக்குள் விழுந்தன. இலக்கு அட்டையை க்ளோவிஸ் வெகுநேரம் பார்த்தார். "தோட்டாலதான் விஷயம் இருக்கு, நெவா" என்றார். ஆமாம் என்றேன். அதுதான் நான் செய்த தப்பு.

வெள்ளிக்கிழமை நம் அடுப்படிக்குக் காப்பி குடிக்க வந்தார். சனிக்கிழமை காலையில் என் தோட்டாப் பெட்டியைக் காணோம். வேறு வழியில்லாமல் கடைத் தோட்டாவோடு போட்டிக்குப் போனேன்.

எனக்கு முன்னால் அவர் முறை. அவருடையதும் ஸ்பிரிங்ஃபீல்டுதான். தோட்டாவை உள்ளே விட்டார், துப்பாக்கியின் தாழ் பூட்டிக்கொள்ளவில்லை. அடுத்ததும் அப்படியே. உள்ளங்கையால் குத்த ஆரம்பித்ததும் களத் தலைவர் கத்தினார்: "யோவ் க்ளோவிஸ், அதென்ன டிராக்டரா? கைய எடுய்யா! எங்க செஞ்ச தோட்டா இது?"

உன் அண்ணன் பெட்டியை முதுகுக்குப் பின்னால் தள்ளினார். நான்தான் சொன்னேன்: "எங்க வீட்டு அடுப்படில செஞ்சது. எங்க துப்பாக்கிக்குள்ள மட்டுந்தான் போகும். பெட்டி மேல என் கையெழுத்து இருக்கு பாருங்க."

ஊரே சிரித்தது. பாதிரியார்கூடத் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார். க்ளோவிஸ் காது சிவக்கப் பெட்டியை நீட்டி, "கலந்துபோச்சு" என்றார். என் சமையலறையில் இருந்த பெட்டி அவருடையதோடு எப்படிக் கலக்குமோ.

என் தோட்டாவைத் திரும்ப வாங்கிச் சுட்டேன், நான் மூன்றாவது. கடைசிக் குண்டை அவசரப்பட்டுக் கெடுத்தேன், இல்லாவிட்டால் இரண்டாவது. துப்பாக்கி படுக்கையறை அலமாரியில்தான் இருக்கிறது, அங்கேதான் இருக்கும். நேற்று உன் அண்ணன் தன் துப்பாக்கியில் சுட்ட கூடுகளைப் பையில் கொண்டுவந்து, "எனக்கும் செஞ்சு குடும்மா" என்றார். அழகாகக் கேட்டதால் சரியென்றேன்.

நவம்பரில் நன்றி சொல்லும் நாள் விருந்து வாரத்துத் திங்களன்று மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை, உன் கம்பெனிக்கு மட்டும் என்ன கேடு? துப்பாக்கியை உனக்கு விட்டுக்கொடுப்பேன் என்று பொய் சொல்லமாட்டேன். முதல் மான் எனக்கு. இரண்டாவதற்காவது வந்து சேர்.

கர்த்தர் உன்னைப் பத்து விரலோடும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன்
நெவா