கொக்கியில் ஒரு விரிசல்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நான் வேலை செய்த படகில் பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி ஒன்று நடுக்கடலில் அறுந்துவிட்டது. கயிற்றால் கட்டி ஒருவழியாகக் கரை சேர்ந்தோம். இன்னொரு கம்பியின் கொக்கியிலும் விரிசல் விட்டிருந்தது. மாற்றிவிட்டுப் போகலாம் என்று முதலாளியிடம் காட்டினேன்.

"அடுத்த துறைமுகம் வரைக்கும் தாங்கும். பயமா இருந்தா நீ இறங்கிக்கோம்மா" என்றார்.

இறங்கிவிட்டேன். அவர் தனியாகவே கிளம்பினார். மறுநாள் காற்று வலுத்தது. இன்னும் அவரிடமிருந்து தகவல் இல்லை. கூடவே போயிருக்க வேண்டுமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

என் பழைய போர்வையை அனுப்பி வை. பேச ஒன்றுமில்லாவிட்டாலும் போன் பண்ணு. துறைமுக அலுவலகம் திறந்திருக்கும், இன்றைக்காவது ஏதாவது சொல்கிறார்களா என்று போய்க் கேட்கிறேன்.

உன் மகள்