யார் போனால் நீங்களும் போவீர்கள்?

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அத்தானின் மூட்டுவலி மட்டும் அவரை விட்டுப் போகிற மாதிரி இல்லை, அவ்வளவு விசுவாசம். நீ நலமா என்று கேட்கமாட்டேன். போனை எடுக்காதவன் எப்படி இருப்பான் என்று தெரியும். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் துண்டிக்க முடியாது பார்.

நீ ஆய்வையே விடப்போகிறாயாம், என் அலுவலகம் காலியானது உன்னால்தான் என்று அழுதாயாம். அம்மா சொன்னாள். அடப்பாவி, அழுவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?

இயந்திரத்தை நம்பாமல் ஆட்களின் மூளையை நம்பி நடக்கிற நிறுவனங்களை ஆராய வந்தாய். கட்டட வரைபடம் போடும் என் அலுவலகத்தைவிட உனக்கு வேறு எது பொருத்தம்? மேசையும் கம்ப்யூட்டரும் வாடகை. மிச்ச சொத்தெல்லாம் மாலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து, யார் போனால் நீங்களும் போவீர்கள் என்று கேட்டாய். பதிலைப் பற்றி என்னிடம்கூட மூச்சு விடவில்லை.

ரகசியம் காக்கவேண்டியது நீதானே, அவர்கள் இல்லையே! நீ கிளம்பியதும் டீ குடிக்கிற இடத்தில் ஒருவருக்கொருவர் பதிலைச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள், பரீட்சை எழுதி வந்த பிள்ளைகள் மாதிரி. எல்லோரும் சொன்னது சீனியரைத்தான். தலைமை வரைவாளராக இருந்தும் வாயே திறக்காதவள் அவள். அன்றுதான் தன் பலம் அவளுக்கே தெரிந்தது. பிறகு ஒருநாள் என் முன்னால் வந்து நின்று, "தப்பா நினைக்காதீங்க மேடம், தனியா ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். இவங்களும் வர்றேங்கறாங்க" என்றாள். என்னைவிட அவள் கண்தான் அதிகம் கலங்கியிருந்தது.

கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். அத்தான் மேல் எரிந்து விழுந்தேன். அவர் பாவம், உப்பில்லாத சாப்பாட்டை மூச்சுக் காட்டாமல் சாப்பிட்டார். உன் கேள்வி இல்லாவிட்டால் அவள் போயிருக்கமாட்டாள், அதுவும் உண்மைதான். ஆனால் தன் மதிப்பு தெரியாததால் என்னோடு இருந்தவளை வைத்துக்கொண்டு நான் எத்தனை காலம் முதலாளி என்று மார்தட்டுவேன்? அவள் நன்றாக இருக்கட்டும். இதை மனசாரச் சொல்கிறேன்.

என்னையும் உட்காரவைத்து அதே கேள்வியைக் கேட்டாயே, நான் யாரைச் சொன்னேன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். நாளைக்கு அவளுடைய அலுவலகத்துக்குப் போகிறேன். வாடிக்கையாளர்களை எனக்குத் தெரியும், வேலை அவளுக்குத் தெரியும். கூட்டாகச் செய்யலாமா என்று கேட்கப்போகிறேன். நான்தான் இத்தனை காலம் ஆள் எடுத்தவள். இன்னொருவர் வாசலில் போய் நின்றதில்லை. பயமாக இருக்கிறதடா.

ஆய்வை முடி. என் அலுவலகத்தை அதிலிருந்து எடுத்துவிடாதே. நடந்ததை நடந்தபடி எழுது. உனக்கு எல்லாம் நல்லபடியாக முடியும். இது உன் கைக்கு வரும்போது அவள் பதில் சொல்லியிருப்பாள். சிரிக்கவோ அழவோ எனக்கு நீதான் வேண்டும். போனை எடு, ராஜா.

உன்மேல் துளியும் கோபமில்லாத,
அக்கா