டிரம்மில் போட்ட பிளீச்சிங் பவுடர்

ஆடி 14, செவ்வாய்

கழிவுச் சோற்றிலிருந்து சமையல் வாயு எடுக்கும் டிரம்மைப் பார்க்க, இன்று ஸ்வீடன்காரர்கள் இரண்டு பேர் வெள்ளானூருக்கு எங்கள் வீடு தேடி வந்தார்கள். அது என் மகள் கவிதா அவர்களோடு சேர்ந்து இரண்டு வருடமாகச் செய்யும் ஆராய்ச்சி. உள்ளே இருந்து வாயுவை உண்டாக்கும் கிருமிகளுக்குக் குளிரக் கூடாது என்று மார்கழியில் டிரம்முக்குப் போர்வை சுற்றியவள் அவள். தினமும் கழிவு கொட்டுவது மட்டும் என் வேலை. அதற்கே தெருவில் விஞ்ஞானி மாதிரி நடந்தேன்.

அவர்கள் எதிரில் அடுப்பு பற்றவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“நைனா, உள்ள இன்னாத்த போட்ட?”

“பிளீச்சிங் பவுடர்மா. நாத்தம் அடிச்சிகினு கீதே, வந்தவங்க மூக்க மூடிகினா உனக்குத்தானே அசிங்கம்னு...”

“எவ்ளோ?”

“ஒரு பாக்கெட்டு.”

“எல்லாம் செத்துப்போச்சு நைனா.”

திட்டியிருக்கலாம். திரும்பிப் போய், தப்பு தன்னுடையது என்று அவர்களிடம் சொன்னாள். பள்ளியில் இங்கிலீஷில் எப்போதும் பெயிலான எனக்கே அது புரிந்தது. அவளை ஸ்வீடனுக்கு அழைப்பது பற்றிப் பிறகு சொல்வதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். நானும் கும்பிடு போட்டு வழியனுப்பினேன்.

உண்மையைச் சொல்லி அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். அதை இங்கிலீஷில் மாற்றித் தரவும் கவிதாவைத்தான் கேட்க வேண்டும்.