புது ரகம் எடை போட்ட சனிக்கிழமை

தை 8, திங்கள்
பனி. எதிர்ல வர்ற மாடு தெரியல. பாபநாசம் பஸ் லேட்.

பண்ணையார் வயல்ல எங்க விவசாய ஆபீஸ் பரிசோதனைக்குப் போட்ட புது நெல் ரகம் முத்தி நிக்குது. இன்னிக்கும் அறுப்பு இல்ல. கூலி நெல் கூட்டிக் கேட்டு ஆளுங்க இறங்கல. வரப்பு பூரா செங்கொடி. வெளியூர் ஆள் இறக்கப்போறாங்கன்னு பேச்சு. போலீஸ் வேன் ஒண்ணு நிக்குது.

எங்க விவசாய ஆபீசர் சார்: "களத்துல நீங்களே நின்னு எடை எடுத்துக் குடுங்க, பார்ப்போம். முடியலேன்னா ஆபீஸ்ல டைப் மிஷின் இருக்கு. லேடீஸுக்கு அதான் தோது."

பி.எஸ்ஸி. அக்ரி. படிச்சது டைப் அடிக்கவா? எனக்கு வயல்தான் வேணும்.

வாங்க: சோப்பு, டார்ச் செல், பஞ்சு.

தை 10, புதன்
நல்ல வெயில். அறுப்பு தள்ளிக்கிட்டே போகுது. எனக்குத் தேதி நெருங்குது.

பண்ணையார் வீட்டு வழக்கம்: தூரமான பொம்பளை களத்துல கால் வைக்கக் கூடாது, நெல்லைத் தொடக் கூடாது. அவர் சம்சாரம் வாசல்லயே நிறுத்திக் கேட்டுடுவாங்களாம்.

சார்கிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா அத்தோட டைப் மிஷின்தான். கடவுளே, அறுப்பு முந்தணும், இல்ல இது பிந்தணும்.

தை 12, வெள்ளி
தாசில்தார் முன்னாடி கூலி பேசி முடிஞ்சுதாம். நாளைக்கே அறுப்பு, அடிப்பு, எடை எல்லாம்.

சாயங்காலம் எனக்கு ஆயிடுச்சு. என் தலையெழுத்து. 

தை 13, சனி
கறுப்புப் புடவை. களத்து வாசல்லயே பண்ணையார் சம்சாரம்.

"ஏம்மா, சுத்தமாத்தானே இருக்கீங்க?"

"ஆமாங்கம்மா."

எப்படித்தான் வந்துச்சோ அந்தப் பொய். 

எடை போட்டாச்சு. புது ரகம் பழசை விட நல்லாவே கூட! சந்தோஷப்பட முடியுதா? பின்பக்கம் என்ன ஆச்சோன்னே நினைப்பு.

நெல்லு தூத்திக்கிட்டிருந்த அஞ்சலை, அறுப்புக்கு வந்தவ, முறத்தைப் போட்டுட்டு வந்து என் முதுகோட ஒட்டி நின்னா. "திரும்பாதீங்கம்மா. முந்தானையச் சுத்திச் சொருகுங்க." வைக்கோல் கட்டைத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் ஜீப் வரைக்கும் என் பின்னாலயே வந்தா.

"நான் களத்தைத் தீட்டாக்கிட்டேன்னு உனக்குக் கோவம் இல்லையா?"

"நானுந்தாங்க இன்னிக்கு. எங்களை யாரு கேக்குறா? கேட்டா அறுக்க ஆளு ஏது?" சிரிச்சுட்டுப் போயிட்டா. எனக்குச் சிரிப்பு வரல.

தை 15, திங்கள்
மூட்டம். சார் எடையைப் பார்த்துட்டு, "பரவாயில்லையே! வயல் வேலை நீங்களே பாருங்க" ன்னார். அப்பாடா.

மத்தியானம் பண்ணையார் வீட்டுலேர்ந்து ஒரு கூடை புது நெல்லு. "அந்தப் பொண்ணு ராசியான கை. அடுத்த விதைப்புக்கு அதுதான் வந்து முதல் கை தெளிக்கணும்" னு அந்தம்மா சொல்லி அனுப்பியிருக்காங்க. ஆபீஸே கை தட்டுச்சு. நானும் சிரிச்சு வச்சேன்.

ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு ஒரே அழுகை. உண்மையைச் சொல்லியிருந்தாலும் அதே நெல்லு, அதே எடை. நான்தான் அங்க இருந்திருக்க மாட்டேன்.