நீங்கள் பூட்டி வைத்த குளியலறை

அப்பா,

நேற்றுக் காலை பண்டாரவளையில் என் வீட்டுக் குளியலறைச் சுவரை உடைத்தோம். பழைய வீடு. கொத்தனார் சுவரைக் கொத்தும்போது உள்ளே ஓடிய இரும்புக் குழாயில் அடி பட்டு, துருத் தண்ணீர் வழிந்தது. அந்த வாடை வீடெல்லாம் பரவியது. கூடவே என் நினைவில் நீங்களும் வந்துவிட்டீர்கள்.

"ஒரு துண்டு மாத்தினா போதும் டீச்சர். மேல டைல்ஸ் ஒட்டிட்டா பளபளன்னு இருக்கும்" என்றார் கொத்தனார்.

"மொதல்ல குழாய மொத்தமா மாத்துங்க. டைல்ஸப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றேன். நான் சொன்ன விதத்தில் அவர் பயந்துபோனார். பாவம், உங்களுக்குச் சேர வேண்டியதை அவர் வாங்கிக்கொண்டார்.

பதுளையில் நீங்கள் வாங்கிய வீடும் பழையதுதான். ரோடு போட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் தனக்கென்று கட்டியது. மேட்டில் ஊற்றுத் தண்ணீருக்கு ஒரு தொட்டி, அங்கிருந்து வீட்டுக்கு ஓர் இரும்புக் குழாய். அவர் காலத்தில் அதில் தண்ணீர் கொட்டியிருக்கும். நம் காலத்தில் தேயிலைச் சாயம் போலச் சொட்டியது. உங்கள் வெள்ளைச் சட்டைகள் அந்தத் தண்ணீரில் மஞ்சளாகிவிடும் என்று, அம்மா அவற்றைப் பள்ளத்துப் பீலிக்குச் சுமந்துபோய், மலையிலிருந்து விழும் தண்ணீரில் துவைத்துக் கொண்டுவந்தாள். நீங்கள் ஆபீஸ் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில் 'பெரிய கிளாக்கர் ஐயா சட்டை மாதிரி வெள்ளை' என்று சொல்வார்களாம். அந்த ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, அதை எங்களிடம் நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள். அந்தச் சட்டை எங்கே வெளுத்தது என்று ஒரு நாளாவது கேட்டிருப்பீர்களா?

வெளிநாட்டுச் சாமான் கடைகளுக்கு வரத் தொடங்கிய காலம் அது. கொழும்பிலிருந்து நீல டைல்ஸும் கக்கூசுக்கு ஒரு கொமட்டும் லொறியில் கொண்டுவந்து இறக்கினீர்கள். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்குத் தோட்டத்துப் புது மனேஜர் மனைவியோடு சாப்பிட வருகிறார், பழைய பாத்ரூமைப் பார்த்தால் உங்கள் மானம் போய்விடும். அவர் மனது வைத்தால், நீங்கள் பென்சன் போன பிறகும் ஆபீசில் ஒரு நாற்காலி கிடைக்கும். இதுதான் உங்கள் கணக்கு.

"என்னங்க, டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பைப்ப மாத்திருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் அம்மா.

"பைப்ப யாரு பாக்கப் போறா? செவுத்துக்குள்ள கெடக்குறதுக்குப் புதுசு எதுக்கு? உனக்கென்ன தெரியும், போ."

குழாய் வேலை பார்க்கும் பைப் பாஸ் வந்தார். நல்ல மனிதர், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். கொமட்டுக் கழிவுக்குக் குழி எங்கே வெட்டுவது என்று கேட்டார். வெட்டத் தோதான இடம் முன்பக்கம்தான். அங்கே உங்கள் குரோட்டன் செடிகள் இருந்தன. செடியில் கை வைக்கக் கூடாது, குளித்த தண்ணீர் வெளியே போகும் பழைய குழாயோடு சேர்த்துவிடு என்றீர்கள். அது ஒடுக்கமான குழாய், போதுமான வாட்டமும் கிடையாது. சாப்பாட்டறை ஜன்னலுக்குக் கீழே அம்மா காய்கறிக்குப் போட்டிருந்த கோவாப் பாத்தியில் போய்த் திறந்தது. பாஸ் அதற்கும் தலையாட்டினார்.

வேலை முடிந்ததும் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்புப் பெல்ட்டில் மாட்டிக்கொண்டீர்கள். அது விருந்தாளிகளுக்காம். முழங்கால் வீங்கிய அம்மா மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, பாசி படிந்த படிகளில் இறங்கிக் கொல்லைக் கக்கூசுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைத் திறந்து, டைல்ஸைத் துணியால் துடைத்துவிட்டு, மறுபடி பூட்டுவீர்கள். ஒரு முறைகூட அங்கே குளிக்கவில்லை.

நத்தார் வந்தது. மனேஜரின் மனைவி பாத்ரூமுக்குப் போய் வந்தார். கொமட்டின் சின்னத் தொட்டியில் இருந்தது ஒரு தடவைக்கான தண்ணீர்தான். துருப்பிடித்த குழாய் அதை மறுபடி நிறைய விடவில்லை. நீங்கள் குசினிக்கு ஓடிவந்து, "வாளியில தண்ணி கொண்டா, பின்பக்கமா வா, யாரும் பாக்கக் கூடாது" என்று அம்மாவிடம் கிசுகிசுத்தீர்கள். அம்மா பீலியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தாள். பாதியை அவள் கையிலிருந்து நான் பறித்துக்கொண்டு போனேன். ஊற்ற ஊற்றக் கழிவு இறங்கி, கோவாப் பாத்தியில் வெளிவந்தது. ஜன்னலோரம் மஞ்சள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த மனேஜர் கைக்குட்டையால் மூக்கை மூடினார். நீங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு, "நம்ம வீட்டுல தண்ணிக்கு மட்டும் கொறையே இல்லைங்க. ஆறு மாதிரி வருது" என்றீர்கள்.

அம்மா அப்போது ஈரச்சேலையோடு, நிறைந்த வாளியோடு வாசற்படியில் நின்றாள். நேராக உள்ளே வந்து, மேசைக்குப் பக்கத்தில் வாளியை வைத்தாள். விருந்தாளிகள் முன்னால் அதுவரை வாய் திறக்காதவள்.

"ஆமாங்க தொரை. இந்த வீட்டு பைப்பு நான்தாங்க" என்றாள்.

தமிழ் நன்றாகத் தெரிந்த சிங்களவர் அவர். அவரும் சிரிக்கவில்லை, அவர் மனைவியும் சிரிக்கவில்லை. மனேஜரின் மனைவி எழுந்து, அம்மாவைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். நீங்கள் மட்டும்தான் சிரித்தீர்கள், அப்பா.

மறுநாள் நீங்கள் ஆபீசுக்குப் போன பிறகு அம்மா அலவாங்கால் பூட்டை நெம்பினாள். அதே அலவாங்கால் டைல்ஸைப் பெயர்த்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். பாஸைக் கூப்பிட்டு, மேட்டுத் தொட்டியிலிருந்து பிளாஸ்டிக் குழாய் இழுக்கவும், குரோட்டன் செடிகளுக்கு நடுவே குழி வெட்டவும் சொன்னாள். அவர் இதற்கும் தலையாட்டினார்.

சாயங்காலம் வந்து நீலச் சில்லுகளின் மேல் நின்றீர்கள். "நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேரையும் வந்து குளிச்சுட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

அந்த ஆபீஸ் நாற்காலி உங்களுக்குக் கிடைக்கவில்லை. அது அம்மாவால்தான் என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். வெறும் சீமெந்துச் சுவரோடு இருந்த அந்த அறையில் கால் வைக்க மாட்டேன் என்று, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வருடக்கணக்காகப் பீலிக்கே குளிக்கப் போனீர்கள். வீம்பிலும் ஒரு அழகு இருக்க வேண்டும். உங்கள் வீம்பில் அதுவும் இல்லை.

பிறகு உங்களுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அந்த அறையில் உங்களை நாற்காலியில் உட்கார வைத்து நாங்கள் இருவரும் குளிப்பாட்டினோம். ஒரு நாள் அம்மா துண்டு எடுக்க வெளியே போனாள். நீங்கள் நல்ல கையைக் குழாய்க்கடியில் நீட்டி வைத்திருந்தீர்கள்.

"தண்ணி நல்லாருக்கு" என்றீர்கள். வாய் கோணியிருந்தும் வார்த்தை தெளிவாக வந்தது.

"அத அம்மாகிட்ட சொல்லுங்க" என்றேன்.

அம்மா துண்டோடு வந்தாள். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இந்தச் செவுத்துல டைல்ஸ் இருந்திருக்கணும்" என்றீர்கள். அம்மா உங்கள் தலையைத் துவட்டினாள்.

அவள் இப்போது என்னோடு இருக்கிறாள். உங்கள் மேல் அவளுக்குக் கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது. சில நேரம், "அவரு ஒரு நல்ல வார்த்தகூடச் சொல்லாமலே போயிட்டாரு" என்பாள். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னதை அவளிடம் சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். சொல்வதில்லை. அது உங்கள் வாயிலிருந்து அவள் காதுக்குப் போயிருக்க வேண்டியது. உங்கள் வேலையை உங்களுக்காக நான் செய்ய மாட்டேன். ஆனால் அந்த வார்த்தையைக் கீழே போட்டுவிடவும் முடியவில்லை, அப்பா.