வாசலைப் பார்த்த செருப்பு

என் தங்கமே,

உன் அண்ணன் வங்கி வேலையில் சேர்ந்துவிட்டான். தம்பி நீச்சலில் கோப்பை வாங்கினான். கடைக்குட்டி தானாகவே ஷூ லேஸ் கட்டுகிறாள். நேற்று வந்த விருந்தாளிகளிடம் உன் அப்பா இத்தனையும் சொன்னான். உன் பெயர் வர வேண்டிய இடத்தில் தண்ணீர் குடித்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. நீ ஓவியம் படிக்கப் போனதிலிருந்து அவன் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த உன் படத்தைக் கூடத்துக்குத் தூக்கி வந்தேன். எல்லாச் செருப்பும் வீட்டுக்குள் பார்த்திருக்க, ஒரு ஜோடி மட்டும் வாசலைப் பார்க்குமே, அந்தப் படம்தான்.

"என் பேத்தி வரைஞ்சது. இதைப் பார்த்து நான் ஒரு கதை எழுதியிருக்கேன், கேளுங்க" என்றேன்.

"சும்மா உட்காரும்மா. அஞ்சாங்கிளாஸ் படிச்சுட்டுக் கதையா?"

"ஏன்டா, ஆறாங்கிளாஸ்லதான் கதை எழுதச் சொல்லித் தர்றாங்களா?"

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். வாசலைப் பார்த்த அந்தச் செருப்புக்குச் சொந்தக்காரி வீட்டை விட்டுக் கிளம்புகிற கதையை ஒரு வரி விடாமல் படித்தேன். முடித்ததும் உன் அம்மா ஆணியும் சுத்தியலும் கொண்டு வந்தாள். படம் இப்போது கூடத்துச் சுவரில் இருக்கிறது. கழற்றினால் இன்னொரு கதை படிப்பேன் என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

கதையை இத்துடன் வைத்திருக்கிறேன். எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள். அவள் திரும்பி வருகிற மாதிரி மட்டும் மாற்றிவிடாதே. அடுத்த கதைக்கு எனக்குப் படம் வேண்டும். நீ இப்போது வரைவதைப் பெரிதாகப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு.

உன் பாட்டி