கழுத்துப்பட்டையில் கசிந்த சிவப்பு

ஹோன்மா யசுஹெய்க்கு, ஹமாசேயிலிருந்து தொகுசோ.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கவா என்று இதை எழுதித் தரும் முடிதிருத்தும் கடைப் பெண் சுமியே கேட்டாள். அவன் நலத்தை அறிய எனக்கு ஆவல் இல்லை, நான் சொல்வதை மட்டும் எழுது என்றேன். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ மறதியும் வரவில்லை.

நிகாதா பூகம்பத்தில் புதுப் பாலம் சரிந்து, எண்ணெய்த் தொட்டிகள் நாள் கணக்கில் எரிந்த வருஷம். டோக்கியோ ஒலிம்பிக் கால்பந்தில் நம் ஆட்கள் அர்ஜென்டினாவை மூன்றுக்கு இரண்டு என்று அடித்த வருஷம். அந்தச் செய்தி நம் சாய ஆலைச் சாப்பாட்டறை ரேடியோவில் வந்தபோது, நம்மோடு ஆடிய கன்ஜி மிசோ சூப்புக் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினான். அதன்பின் அவன் இருந்தது ஒன்பதே நாள்.

இப்போது எதற்கு இதெல்லாம் என்பாய். நம் கால்பந்துக் கழகம் முப்பதாம் ஆண்டு மலர் போடுகிறது. அச்சுக்குப் போகுமுன் வந்த பிரதியைச் சுமியே எனக்குப் படித்துக் காட்டினாள். தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த அன்றுதான் கழகம் பிறந்ததாம். காலை ஷிப்டு முடித்துச் சாயக் கையோடு ஆடிய நமக்கு ஒரே ஒரு வரி: "அதற்கு முன் ஆலைப் பணியாளர்களின் பொழுதுபோக்குக் குழு ஒன்று இருந்தது." பொழுதுபோக்காம். கழகத்தின் கறுப்புச் சட்டை இரவுக் கடலாம், கழுத்துச் சிவப்பு அந்திச் சூரியனாம். டோக்கியோ ஓவியர் ஒருவர் யோசித்துக் கண்டுபிடித்தாராம்.

மலரைத் தொகுக்கும் ஐசாவாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். மரியாதையான ஆள்தான். "பெரியவரே, நீங்க சொல்றதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?" என்றார். "எழுத்தா? என் முழங்கால் தழும்பப் பாருங்க, அதுல இருக்கு" என்றேன். அந்த நாளில் ஆலையில் இருந்த இன்னொருவர் இதையே சொன்னால் போடுகிறோம் என்றார். உன் பெயரைக் கொடுத்தேன். பிரேசிலுக்கு போன் போட்டார்கள். நீ என்ன சொன்னாய்? "வயசாயிடுச்சு. ஒண்ணும் ஞாபகமில்ல."

எது ஞாபகமில்லை? நாம் ஒருவர் சாயத் தொட்டியை இன்னொருவர் பார்த்துக்கொண்டு, முறை வைத்துப் பயிற்சிக்கு ஓடியதா? இறுதி ஆட்டத்துக்கு முந்தின வாரம், மூலை உதைப் பயிற்சிக்கு ஆள் வேண்டுமென்று நான் உன்னைக் கூப்பிட்டதா? "போடா, உன் தொட்டியையும் நானே பாத்துக்கறேன். கோல் அடிக்கத் தெரிஞ்சுக்கிட்டு வா, இல்லன்னா வராத" என்று கன்ஜி சிரித்ததா? நீராவி முட்டி மூடி வெடித்தது உன் தொட்டி, யசுஹெய். தனக்கு ஒதுக்காத தொட்டியில் கன்ஜி நின்றான், கவனக்குறைவு அவனுடையது என்று ஆலை எழுதி வைத்தது. நீயும் நானும் வாயைத் திறக்கவில்லை. அவன் சாப்பாட்டுப் பெட்டியை வாங்க வந்த அம்மா, மகன் தொந்தரவு கொடுத்துவிட்டான் என்று மேஸ்திரி முன் இடுப்பு மடியக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். நாம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

துக்கத்துக்காக நம் வெள்ளைச் சட்டைகளைக் கறுப்பாக்கினோமே, அதுவும் மறந்துவிட்டதா? முதலில் சிவப்பில் முக்கி, அதன்மேல் கறுப்பை இரண்டு தடவை ஏற்ற வேண்டும். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு தடவைக்குத்தான் நேரம் இருந்தது. இறுதி ஆட்டத்தின் பிற்பாதியில் வேர்வை பட்டு, கழுத்தெல்லாம் சிவப்பு கசிந்தது. எதிரணிக்காரன் கத்தினான்: "என்னடா, சாயக்காரனுங்க சட்டையே சாயம் போவுது!" நீ இரண்டு கோல் போட்டாய். நீ போனபிறகும் வருஷா வருஷம் நாங்கள், நேரம் இருந்தும், கறுப்பை ஒரே தடவைதான் ஏற்றினோம். கசியட்டும் என்றுதான். அந்தச் சிவப்பைத்தான் இப்போது பட்டையாகத் தைத்து அந்திச் சூரியன் என்கிறார்கள்.

நீ அடுத்த வசந்தத்தில் பிரேசிலுக்குக் கப்பலேறினாய். அறுபது வருஷமாகப் புத்தாண்டு அட்டைகூட இல்லை. பயந்துதான் போனாய் என்று எனக்குத் தெரியும். நானும் பயந்தவன்தான், ஊரிலேயே இருந்து பயந்தேன்.

என் பங்கை ஐசாவாவிடம் சொல்லிவிட்டேன், உன்னைப் பயிற்சிக்குக் கூப்பிட்டவன் நான் என்று. மலர் இருபத்தெட்டாம் தேதி அச்சுக்குப் போகிறது. எனக்கு அதில் இடம் வேண்டாம். இடது ஓர ஆட்டக்காரன் நிரசவா கன்ஜி, தோழனின் தொட்டியைக் காத்து நின்றபோது இறந்தான், கறுப்பு அவனுக்காக. இது போதும். நீ போனை எடுத்து, தொட்டி என்னுடையது என்று சொல்ல வேண்டும்.

சுமியே, இதையும் எழுது: குளிரில் நிற்காதே, உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு நுரையீரல் போய்விட்டது. பனி விழுவதைப் பார்ப்பது சந்தேகம் என்கிறார் டாக்டர். மேஸ்திரி போய்ச் சேர்ந்தார், கன்ஜியின் அம்மா போனாள், கோல்காப்பாளன் மொகாமியும் இந்த வசந்தத்தில் போனான். கையெழுத்துக்குப் பதில் கீழே என் கைநாட்டு இருக்கிறது. கறுப்புச் சட்டையில் நாம் எடுத்துக்கொண்ட படம் என் தலைமாட்டில் இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது, அதில் இருப்பவர்களில் உயிரோடு மிஞ்சப்போகிறவன் ஒருவன்தான்:

ஹோன்மா யசுஹெய்.